சீட்டை நவுத்தக் கூடாது

இப்படி உக்காருங் அம்மிணி, அந்தக் கோடியில வெயில் அடிக்குது. உள்ள யாருங், மாமியாரா? தோள்பட்டையா? அப்ப கொஞ்சம் நேரமாகுமுங். பிசியோதெரபி பையன் நல்லாப் பண்ணுவான், அவசரப்படமாட்டான். என்னைய முடிச்சு அனுப்பிப்போட்டான். எங்கூட்டம்மா தெய்வானை மருந்துக்கடையில நிக்கிறா. வாங்கிப்போட்டு அவளே போயி காரை எடுத்துட்டு வரோணும். அது வரைக்கும் நானு இங்கயே உக்காந்திருக்கோணும். இந்தப் படியைத் தனியா எறங்க எனக்கு ஆகாதுங்.

கார் சாவியைக் கையில வெச்சிருக்கறீங்களே, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? கியரு வண்டியா? அப்படீங்களா. இல்லீங், நீங்க என்ன ஒசரம் இருப்பீங்கன்னு பார்த்தேன். தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்கூட்டம்மாவும் உங்க ஒசரந்தானுங். என்ற நெஞ்சு வரைக்கும் வருவா. அதனாலதான் கேட்டேன்.

எனக்கு இடது காலுங். கையி பரவாயில்ல, டம்ளர் புடிக்குது. காலுதான் வரலை. நிக்கும், கோலை ஊணிட்டு நடக்கும், ஆனா கீழ தரை இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. செருப்பு கழண்டு போனாக்கோடத் தெரியறதில்ல, ஆராச்சும் பார்த்துச் சொல்லோணும். மொதல்லயெல்லாம் அழுவாச்சியா வரும். இப்ப அதுவும் வர்றதில்லீங். போன வாரம் என்ற பெரியப்பன் மகன் செத்துப்போயிட்டான்னு சொன்னாங்க. சின்னதுல ஒண்ணா வாய்க்கால்ல குதிச்சவங்க நாங்க. அப்படியான்னு கேட்டுக்கிட்டு மோரைக் குடிச்சேன். அவ்வளவுதான். உள்ளயும் மரத்துப்போச்சுன்னு வெச்சுக்கங்களே.

இத்தனைக்கும் காரணம் என்னன்னு கேட்டீங்கன்னா கிளட்சுங். ஆமாங், கார் கிளட்சுதான். சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, எனக்கு ஒண்ணுமில்ல.

நானு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டெனன்ஸ் பார்த்தவனுங். ஒரு மிசினுக்கு செட்டிங் வெச்சா வெச்சதுதான். அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து எனக்கு இது எட்டலை, எனக்கு இது தோதுப்படலைன்னு திருகுனான்னா விடிய விடிய நூலு அறுந்துக்கிட்டே கெடக்கும். அதுக்குத்தான் செட்டிங் வெச்ச எடத்துல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சிருவேன். கோடு வெலகியிருந்தா எவனோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம். நாச்சிமுத்து போட்ட கோட்டைத் தொடாதீங்கடான்னு மில்லுல எல்லாத்துக்கும் தெரியும். மேனேஜரே தொடமாட்டார்.

கார் வாங்குனப்பவும் அப்படித்தானுங். நானு ஆறடி. எடுத்துட்டு வந்த அன்னைக்கே டிரைவர் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி, சாய்மானம் பார்த்து, கண்ணாடி மூணையும் பார்த்து, சீட்டுக்குக் கீழ தண்டவாளம் மாதிரி ஓடுமில்லீங்களா, அதுல ஒரு வெள்ளைக் கோடு இழுத்துப்போட்டேன். உக்காந்தா அப்படியே எனக்குன்னு தச்ச சட்டை மாதிரி இருக்கும். எங்கயும் ஒரு இடி இல்ல, ஒரு வலி இல்ல. கொடைக்கானல் போயி எறங்குனாலும் இடுப்பைப் புடிக்க வேண்டியதில்ல. மனுசனுக்கு அப்படி ஒரு எடம் அமையறது லேசுல்லீங்.

அப்பறந்தான் இவளுக்கு வண்டி பழகோணும்னு வந்துச்சு. என்ற மக கோகிலவாணி ஓசூர்ல இருக்கறா. அவ ஏத்திவிட்டது. உங்க ரெண்டு பேருக்கும் வயசாகுது, ஆத்தர அவசரத்துக்கு அம்மாவும் ஓட்டத் தெரிஞ்சிருக்கோணும்னா. சரி போடின்னு விட்டுட்டேன். நானு தடுக்கலைங். டிரைவிங் ஸ்கூலுக்கு தினமும் நாந்தான் கொண்டு போயி எறக்கிவிட்டேன்.

அங்க சொல்லிக்கொடுத்தது ஜெபராணின்னு ஒரு அம்மா. அவுங்களும் குட்டைதான். வந்து உக்காந்ததும் மொதல்ல சீட்டை முன்னாடி இழுங்கம்பாங்களாம். கிளட்சை அடி வரைக்கும் மிதிச்சாலும் மொழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கோணுமாம். முதுகு சீட்டோட ஒட்டி இருக்கோணுமாம், கையை நீட்டி வெச்சா மணிக்கட்டு ஸ்டியரிங்கு மேல படோணுமாம். ரொம்பக் கிட்டயும் போயிரக் கூடாதாம், ஸ்டியரிங்குக்குள்ள இருக்கற காத்துப்பை வெடிச்சா நெஞ்சுல அடிக்குமாம். ஒசரம் பத்தலைன்னா பக்கத்துல ஒரு கம்பி இருக்குது, அதைத் தூக்குனா சீட்டே மேல வருமாம். ஊட்டுக்கு வந்து சோத்தைப் போட்டுக்கிட்டே இதெல்லாம் சொல்லுவா. புதுசா பள்ளிக்கூடம் போற புள்ளையாட்டம். நானு பேப்பர் படிச்சுக்கிட்டே ம்ம்ம்பேன்.

லைசென்சு வாங்குனதும் ஒரு நாளு நம்ம காரை எடுத்துட்டு தனியா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துட்டா. வந்து எங்கிட்ட கத்திரிக்காயைக் காட்டறா, என்னமோ அமெரிக்கா போயி வாங்கிட்டு வந்தவளாட்டம். நல்லதுன்னேன். மறுநாள் காத்தால நானு வண்டி எடுக்கப் போறேன், கதவைத் திறந்து உக்காந்தா மொழங்கால் டங்குன்னு ஸ்டியரிங்குல இடிக்குது. கண்ணாடியில பார்த்தா என்ற மடிதான் தெரியுது. குனிஞ்சு பார்க்கறேன், கோடு எங்கயோ சீட்டு எங்கயோ.

நானு கை ஓங்குனதில்லீங் அம்மிணி. சத்தம் போட்டதுகோட இல்ல. நீங்க வேணா அவகிட்டயே கேட்டுக்கங்க. உள்ள போயி, உனக்கொரு வண்டி எனக்கொரு வண்டின்னு வாங்க நாம என்ன ஜமீனான்னு மட்டும் கேட்டேன். அப்பறம் பேசலைங். அவ்வளவுதான். பொங்கலுக்கு முன்னாடி நடந்தது. மாசி மாசம் வரைக்கும் பேசலை. சண்டையெல்லாம் இல்லீங், பேச ஒண்ணும் தோணலை. சோறு போட்டா சாப்புடுவேன், காப்பி வெச்சா குடிப்பேன். அவளா ஒரு நாளு கட்டல்ல இருந்த இலவம்பஞ்சுத் தலகாணியைக் கொண்டு போயி டிரைவர் சீட்டுல முதுகுக்கு வெச்சா. அடியில ஒரு சின்ன மெத்தை. சீட்டு நின்ன எடத்துலயே நின்னுச்சு. ஓட்டிட்டு வந்து நிறுத்தி, ரெண்டையும் எடுத்துட்டு ஊட்டுக்குள்ள வந்துட்டா. நானாச் சொல்லலைங். அவளுக்கே தெரிஞ்சிருச்சு. அன்னைக்கு ராத்திரி ரசம் நல்லா இருக்குதுன்னு சொன்னேன்.

ஊடுன்னா ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கறதுதானுங்களே.

ஆனா தலகாணி வெச்சா ஒரு தொந்தரவு இருக்குதுங். நீங்க ஓட்டறவங்க, உங்களுக்கு வெளங்கும். கிளட்சை மிதிக்கறப்ப முதுகை எதுக்காச்சும் ஊணித்தான் மிதிக்கோணும். பஞ்சுல ஊணுனா என்னாகும்? முதுகு உள்ள போகும், காலு முன்னாடி போகாது. கடைசி ஒரு விரக்கடை, ஒரு வெரல் அகலந்தான், மிதிபடாது. அந்த ஒரு விரக்கடையில பிளேட்டு முழுசா விடாதுங், கியரு கர்ருன்னு கத்தும். நானு மிசின்காரன், அந்தச் சத்தத்தைக் கேட்டா என்ற பல்லைப் புடுங்கற மாதிரி இருக்கும். கிளட்சு, கிளட்சும்பேன். மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்னுவா. ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லுவேன். சிரிச்சுக்குவா. மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பும் இல்லாமப் போச்சு. வயசாகுதுங்களே.

எனக்கு இந்தப் பக்கவாதம் வந்தது ஆடி மாசம். காத்தால எந்திரிக்கறேன், இடது கையி காலெல்லாம் மரமரன்னு இருக்குது. ஒருக்களிச்சுப் படுத்ததுன்னு நெனைச்சேன். இவ என்ற மூஞ்சியைப் பார்த்துட்டு, வாய் ஒரு பக்கமாப் போகுதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கன்னா. இருடி காப்பி குடிச்சுக்கறேன்னேன். காப்பி கடைவாயில ஒழுகுச்சு. நூத்தியெட்டுக்குக் கூப்புடறேன்னா. சங்கூதிட்டு வாசல்ல வந்து நின்னா தெருவே வேடிக்கை பார்க்கும், வேண்டாம்னேன். எதுத்த ஊட்டுப் பையனை வண்டியெடுக்கச் சொல்லட்டுங்களான்னா. என்ற சீட்டுல எவனும் உக்கார வேண்டாம்னேன். நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போறோம், தாடியோட போக முடியுங்களா? ஷேவிங் பண்ணுனேன். கன்னத்துல பிளேடு பட்டதே தெரியலை, பனியனெல்லாம் ரத்தம். அப்பறம் குளிச்சு, ரெண்டு இட்டிலி சாப்ட்டு, வேட்டி மாத்தி, அதுக்குள்ள காலு சுத்தமா வரலை. வெயில் நல்லா ஏறிப்போச்சு.

பின்சீட்டுல என்னையப் படுக்க வெச்சா. எப்படித்தான் தூக்குனாளோ தெரியலீங், அத்தனையூண்டு ஒடம்பை வெச்சுக்கிட்டு. முன்னாடி போயி உக்காந்தா. கையைக் கீழ விட்டு சீட்டை நவுத்தற கம்பியைத் தேடறா. தேடிட்டு, அப்படியே திரும்பி என்னையப் பார்த்து, சீட்டை இழுத்துக்கட்டுங்களா மாமான்னு கேட்டா.

எனக்கு நாக்கு கொழறிப்போச்சுங். இருந்தாலும் சொன்னேன். நவுத்தாதன்னு சொன்னேன். வேற ஆருக்கும் அது வெளங்கியிருக்காது. அவளுக்கு வெளங்குச்சு. எறங்கிப் போயி ஊட்டுக்குள்ள இருந்து தலகாணியை எடுத்துட்டு வந்தா.

அதுக்கப்பறம் எனக்குப் பேச்சே வரலை. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தண்ணின்னு ஒரு வார்த்தை வந்துச்சு. கடைசியாச் சொன்னது அதுதாம்பான்னு கோகிலவாணி சொல்லிச் சொல்லி அழுவறா. என்னத்துக்கு அழுவறான்னு எனக்கு வெளங்கலை.

நம்ம ஊர்ல இருந்து வர்றப்ப ரயில்வே பாலம் இருக்குதில்லீங்களா, அந்த ஏத்தத்துல வண்டியெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு நிக்குது. அங்கதான் ஆச்சு. எடுக்கறா, ஆஃப் ஆகுது. மறுக்கா எடுக்கறா, பின்னாடி உருளுது. பின்னால இருக்கறவன் ஹாரனை அமுத்தறான். மொதக் கியரு விழமாட்டேங்குது, கர்ரு கர்ருன்னு கத்துது. படுத்துக்கிட்டே எனக்குத் தெரியுது, கிளட்சு அந்தக் கடைசி விரக்கடைக்குப் போகலை. சொல்லோணும்னு வாயைத் திறக்கறேன், எச்சிதான் வருது. அவ எந்திரிச்சு நின்னே மிதிக்கறா, தலை மேல் கூரையில இடிக்குது, தலகாணி நழுவி காலடியில விழுந்துருச்சு. அதை எடுத்து மறுபடியும் வெச்சா. ஏனுங், அந்த நேரத்துலயும் எடுத்து மறுபடியும் வெச்சா. நானு பார்த்துட்டுத்தான் இருந்தேன். அப்பறம் கிளட்சுல பொகை வந்து கருகுன நாத்தம். வண்டி அவ்வளவுதான், அசையலை. பால் வேன்காரன் ஒருத்தன் எறங்கி வந்து என்னையத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தான்.

டாக்டர் பார்த்துட்டு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம், இப்ப அதுக்கு நேரம் தாண்டிருச்சுன்னுட்டார். கொஞ்சம் முன்னாடி. பாலத்துல நின்ன நேரம்தானுங்களே அது? கிளட்சை ஒழுங்கா மிதிச்சிருந்தா இன்னைக்கு நானு உங்க பக்கத்துல இப்படி உக்காந்திருக்கமாட்டேன். மக என்னடான்னா, எந்திரிச்ச ஒடனே கெளம்பியிருக்கலாமேப்பாங்கறா. சின்னப்புள்ள, அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? இப்பெல்லாம் அம்மாகிட்ட மட்டும் போன்ல பேசறா. பேசட்டுமுங். எனக்கு அதுலயும் ஒண்ணும் தோணலை.

தெய்வானையை நானு ஒரு சொல்லு சொன்னதில்லீங், உன்னாலதான் ஆச்சுன்னு. மனசுல இருக்குது, ஆனா சொன்னதில்ல. அது என்ற பெருந்தன்மைன்னு வெச்சுக்கங்களே.

கிளட்சு மாத்தி வண்டி வந்ததுல இருந்து அவதான் ஓட்டறா. நானு பக்கத்துல உக்காந்து வர்றேன். சீட்டு கோட்டுலயேதான் நிக்குது, தலகாணி வெச்சுத்தான் ஓட்டறா. ஏன்னா நானு திரும்ப ஓட்டோணுமில்லீங்களா? அதுக்குத்தானே இங்க வர்றதே. நடக்கறதுக்கு வர்றேன்னு நெனைச்சீங்களா? நடந்து எங்க போகப் போறேன். தினமும் கட்டல்ல உக்காந்துக்கிட்டு சுவத்துல இடது காலை வெச்சு மிதிக்கறேன். கிளட்சு மிதிக்கற மாதிரியே, மெல்ல விட்டு மெல்ல மிதிக்கறேன். கண்ணை மூடிக்கிட்டா பாலத்து ஏத்தத்துல நானே வண்டியை எடுக்கற மாதிரி இருக்கும். அந்த ஒரு நேரந்தான் எனக்கு என்னமோ ஒண்ணு தோணும். சந்தோசம்னுதான் சொல்லோணும்.

இன்னைக்கு அந்த பிசியோதெரபி பையன் சொல்லிப்போட்டானுங். கேட்டேன், எப்பத்துல இருந்து வண்டி ஓட்டலாம் தம்பின்னு. சார், காலு இதுக்கு மேல வராது, நடக்கறதே நல்ல விசயம், கிளட்சு வண்டியை மறந்துருங்கன்னான். அம்மாவே ஓட்டட்டுமே, நல்லாத்தானே ஓட்டறாங்கன்னான். எங்கூட்டம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்கன்னு கையைப் புடிச்சுக்கிட்டேன். எந்தக் கையில புடிச்சேன்னுகோட ஞாபகமில்லீங்.

ஏனுங் அம்மிணி, நானொண்ணு கேக்கட்டுமா? நீங்க ஓட்டறப்ப சீட்டை எப்படி வெச்சுக்குவீங்க?

இழுத்துக்குவீங்களா. நல்லா முன்னாடியா. உங்கூட்டுக்காரர் என்ன ஒசரமுங்? ஓ, என்னாட்டந்தான். அப்ப அவர் ஓட்டறப்ப?

அவரே தள்ளிக்குவாரா.

ஒண்ணும் சொல்லமாட்டாரா? மொழங்கால் இடிக்காதா? இடிக்கும், சரி. இடிச்சா? சிரிச்சுட்டு தள்ளிக்குவாரா. தினமுமா? நீங்க இழுக்கறது, அவர் தள்ளறது, தினமும் இதே வேலையா? எத்தனை நேரமாகுது அதுக்கு? ஒரு நொடியா. ஆமாங், ஒரு நொடிதான் ஆகும். எனக்குத் தெரியுமுங், நானு மிசின்காரன்.

நீங்க சொல்றது சரிதானுங். நானே சொல்லலாம். இழுத்துக்க தெய்வானைன்னு சொல்ல எனக்கு எத்தனை நேரமாகும், அதுவும் ஒரு நொடிதான். ஆனா சொன்னேன்னு வெச்சுக்கங்க, ஏனுங்கன்னு கேப்பா. அந்தப் பையன் என்ன சொன்னான்னு கேப்பா. சீட்டு அங்க நிக்கற வரைக்கும் அது என்ற எடமுங். எனக்குப் பயமா இருக்குது அம்மிணி. இத்தனை நாளுல இதை மட்டும் உங்ககிட்டத்தான் சொல்றேன். காலு போனப்பக்கோட இந்தப் பயம் வரலை.

அதா, வந்துட்டா பாருங். அந்த வெள்ளை வண்டி. ஸ்டியரிங்குக்கு மேல கண்ணு மட்டுந்தான் தெரியுது. எறங்கறா பாருங், கதவைப் புடிச்சுக்கிட்டே நிக்கறா. இடது காலு. ஒரு மாசமாவே இப்படித்தான், இடுப்புல இருந்து கீழ மரத்துப்போகுதுங்கறா, ஓட்டி முடிச்சா கொஞ்ச நேரம் கால் இருக்கறதே தெரியலைங்கறா. மரத்துப்போறதுன்னா என்னன்னு உனக்கென்னடி தெரியும்னு கேட்டேன். மொதல்ல என்னையக் கேலி பண்ணிட்டு நொண்டறாளோன்னு நெனைச்சேன். அப்படியில்லீங். ஆராச்சும் டாக்டர்கிட்டக் காட்டோணும். ஏத்தத்துல அவளுக்குக் காலு தெரியலைன்னா வண்டி என்னத்துக்காகறது. கிட்ட வந்துட்டா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங் அம்மிணி, நானே சொல்லிக்கறேன்.

வா தெய்வானை. மருந்து எல்லாம் இருந்துச்சா? இந்த அம்மிணியும் நம்ம மாதிரி கார்லதான் வந்திருக்காங்க, பேசிட்டிருந்தோம். நீங்க ஒண்ணும் சொல்லாதீங் அம்மிணி, நானே சொல்லிக்கறேன். கையைக் குடு. மெல்ல. நீ உன்ற காலைப் பார்த்து வை.

பையனா? நல்லாச் சொன்னானே. காலு நல்லா வருதுன்னான். இன்னும் ரெண்டு மாசத்துல நானே ஓட்டலாம்னான்.

என்னது? இன்னொருக்காச் சொல்லு, கேக்கலை.

வேண்டாம் வேண்டாம். ரெண்டு மாசந்தானே தெய்வானை, அதுக்கு எதுக்குச் சீட்டை நவுத்திக்கிட்டு.